ஜன்னலையும் நடைமேடையையும் கொஞ்சம் திறந்து வையுங்கள்

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பொது மேலாளர் அவர்களுக்கும், அங்கே ரயில் பெட்டிகளை வரைகிற, வெட்டுகிற, ஒட்டுகிற, ஓட்டிப் பார்க்கிற பொறியாளர்கள், தொழிலாளர்கள் அனைவருக்கும், இது கைமாறி வந்து சேர்ந்தால் ரயில்வே வாரியத்து அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ரயில்வே ஊழியன் இல்லை, ரயில் ரசிகன். 10 ரூபாய் கொடுத்து நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஏற வேண்டிய வண்டியும் இல்லாமல், யாரையும் வழியனுப்பவும் வராமல், சீட்டு செல்லுபடியாகிற இரண்டு மணி நேரமும் பிளாட்பாரத்தின் கடைக்கோடியில் கேமராவோடு நிற்கிற ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன். வழக்கமாக ஈரோடு பணிமனை லோகோ (இன்ஜின்) இழுத்து வருகிற வண்டிக்கு இன்றைக்கு ஏன் அரக்கோணம் பணிமனை லோகோ வந்தது என்பது எங்களுக்கு அரை நாள் பேச்சுக்குப் போதும். பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து அது எந்த ஆண்டு செய்தது என்று சொல்லிவிடுவோம். இதனால் என்ன பிரயோஜனம் என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்குப் பதில் இன்னும் தயாராகவில்லை.

இரண்டு விஷயங்களைப் பற்றி எழுத வந்தேன். ஒன்று, நீங்கள் செய்கிற பெட்டி. இன்னொன்று, அந்தப் பெட்டியைப் படம் எடுப்பது. முதலாவது உங்கள் வேலை, இரண்டாவது பாதுகாப்புத் துறை பார்க்க வேண்டியது, இரண்டையும் ஏன் ஒரே மடலில் கட்டுகிறாய் என்று கேட்கலாம். என் கண்ணுக்கு இரண்டிலும் இருப்பது ஒரே குறை. இருக்கை எண்ணிக்கை, எடை, வேகம், பிரேக், தீப்பிடிக்காத துணி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. பார்க்கிறவனுக்கு மட்டும் கணக்கில் இடமில்லை. உள்ளே உட்கார்ந்து வெளியே பார்ப்பவனுக்கும் இல்லை, வெளியே நின்று ரயிலைப் பார்ப்பவனுக்கும் இல்லை.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்த தொழிற்சாலை அது. சுவிஸ் நாட்டு ஷ்லீரன் நிறுவனத்தின் வரைபடத்தோடு தொடங்கி, கடைசி ‘ஐ.சி.எஃப். டிசைன்’ பெட்டி 2018 ஜனவரியில் வெளியேறும் வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியா உட்கார்ந்ததும் படுத்ததும் சாப்பிட்டதும் சண்டை போட்டதும் அந்த ஒரே கூட்டுக்குள்தான். அந்தப் பெட்டியின் ஜன்னலை இப்போது நினைத்தாலும் விரல் வலிக்கிறது. கண்ணாடிக்கு ஒரு ஷட்டர், தகட்டுக்கு ஒரு ஷட்டர். இரண்டையும் தூக்கி நிறுத்துகிற கொக்கி எப்போது கைவிடும் என்று தெரியாது. மழை வந்தால் ஒழுகும், வெயில் வந்தால் கம்பி சுடும், ஊர் போய்ச் சேரும்போது சட்டைக் காலர் கறுத்திருக்கும். ஆனாலும் ஒவ்வொரு தடுப்புக்கும் அளந்து வைத்த மாதிரி இரண்டு ஜன்னல் இருந்தது. எதிரும் புதிருமாக உட்கார்ந்த இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஜன்னல். முழங்கையை வைக்க விளிம்பு. ஸ்டேஷன் வந்தால் கையை நீட்டி டீ வாங்கலாம்.

பழையது போதும், புதியது வேண்டாம் என்று புலம்புகிற ஆட்கள் எங்களிலும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மோதலில் பழைய பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கிய படங்களைப் பார்த்த எவனும் அந்தக் கட்சியில் இருக்க முடியாது. ஜெர்மனியின் லிங்கே ஹோஃப்மன் புஷ் (எல்.எச்.பி.) வடிவமைப்பு 2000-ஐ ஒட்டி இங்கே வந்தபோது, துருப்பிடிக்காத எஃகு உடம்பு, டிஸ்க் பிரேக், பெட்டிகளைக் கோத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறவிடாத நடுக் கப்ளர் எல்லாம் சேர்ந்து வந்தன. மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடக்கூடிய பெட்டி. வண்டி கிளம்பும்போது வரும் அந்த உலுக்கலைப் பற்றி எல்லோரும் திட்டினார்கள், நானும் திட்டியிருக்கிறேன், கையில் டீ இருந்ததால். அப்புறம் 2023 கடைசியில் வந்த அம்ரித் பாரத் ரேக்கில் (ஒன்றாகக் கோத்த பெட்டி வரிசையில்) அரை நிரந்தரக் கப்ளர் போட்டு, முன்னும் பின்னும் லோகோ வைத்து, அந்த உலுக்கலைக் குறைத்துக் காட்டினீர்கள். ஏசி இல்லாத வண்டிக்கு அவ்வளவு மெனக்கெட்டதற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு.

ஆக, நீங்கள் காது கொடுத்துக் கேட்கிறவர்கள்தான். அந்தத் தைரியத்தில்தான் மேலே எழுதுகிறேன்.

பெட்டி நீளமான கதையை எடுத்துக்கொள்வோம். பழைய பெட்டி சுமார் 21.3 மீட்டர், புதியது சுமார் 23.5 மீட்டர். அந்த இரண்டு மீட்டருக்குள் ஸ்லீப்பரில் ஒரு தடுப்பு கூடி 72 படுக்கை 80 ஆனது. மூன்றடுக்கு ஏசியில் 64 என்பது 72 ஆனது. நியாயமான கணக்கு. ஆனால் கணக்கு மட்டுமே பெட்டியை வரைந்தால் என்ன ஆகும் என்பதை 2000-களின் பிற்பகுதியில் பார்த்தோம். பக்கவாட்டுப் படுக்கையில் நடுவே இன்னொரு பலகையைச் செருகினார்கள். சைடு லோயர்காரர் நிமிர்ந்து உட்கார முடியாது, சைடு மிடில்காரர் புரள முடியாது, மேலே இருப்பவர் இறங்க முடியாது. நாடு முழுக்கத் திட்டு விழுந்து, வழக்கமான வண்டிகளிலிருந்து அதைக் கழற்றினார்கள். குறைந்த கட்டண ஏசி வண்டியான கரீப் ரத்தில் மட்டும் அது அப்புறமும் ரொம்ப நாள் குடித்தனம் நடத்தியது. அதை வரைந்தவர் ஒரு ராத்திரி அதில் படுத்துப் பார்த்திருந்தால் அந்தச் செலவே மிச்சமாகியிருக்கும் என்பது எங்கள் கூட்டத்தில் பழைய ஜோக். இப்போது அதே கணக்கு ஜன்னலுக்கு வந்திருக்கிறது என்பதுதான் என் புகார்.

வந்தே பாரத்தை வெளியிலிருந்து பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கறுப்புக் கண்ணாடிப் பட்டை ஓடுகிறது. அழகுதான், மறுக்கவில்லை. பதினெட்டு மாதத்தில் பெரம்பூரிலேயே வரைந்து முடித்து 2019 பிப்ரவரியில் ஓடவிட்ட வண்டி என்றால் மார்தட்டிக்கொள்ள வேண்டிய விஷயம். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தால் அந்தப் பட்டை ஒரே ஜன்னல் இல்லை என்று தெரியும். நடுநடுவே தூண்கள். இருக்கை வரிசைக்கும் ஜன்னல் வரிசைக்கும் இடைவெளி ஒத்துப்போகாததால், ‘ஜன்னல் சீட்’ என்று வாங்கிப் போனவருக்கு வாய்ப்பது தோளுக்குப் பக்கத்தில் ஒரு சுவர். ஏசி சேர் காரிலும் காலங்காலமாக இதே கதைதான். இன்னும் சில இடங்களில் ஒரு ஜன்னலுக்கு இரண்டு வரிசைச் சொந்தக்காரர்கள். முன்னால் இருப்பவர் தூங்கத் திரையை இறக்குவார், பின்னால் இருப்பவரின் குழந்தை ஆற்றைப் பார்க்கத் திரையை ஏற்றும். நான் பார்த்த பஞ்சாயத்துகளில் பெரும்பாலும் தூக்கம்தான் ஜெயித்திருக்கிறது.

எல்லா இருக்கைக்கும் நேராக ஜன்னல் வைக்க உடம்புக் கூட்டின் வலிமை இடம் கொடுக்காது என்பது புரிகிறது. தூண் இருந்தால்தான் கூடு நிற்கும். ஒரே ஜன்னல் அளவை வைத்துக்கொண்டு உள்ளே பல வகை இருக்கை போட்டால் எங்காவது இடிக்கத்தான் செய்யும். அப்படியானால் எந்த எண்ணுக்குத் தூண், எந்த எண்ணுக்குக் கண்ணாடி என்பது வரைந்த உங்களுக்கு மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். அந்தப் பட்டியலை முன்பதிவு செய்கிறவர்களிடம் கொடுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே ‘இந்த இருக்கையில் ஜன்னல் பாதி’ என்று காட்டட்டும். இதற்குப் புது ரயில் வேண்டாம், புதுத் தண்டவாளமும் வேண்டாம். இப்போது அந்தத் தகவலை எங்கள் ஆட்கள் தங்களுக்குள் சீட்டு எண்ணாகக் குறித்து வைத்துப் பரிமாறிக்கொள்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் உள்ள வரைபடத்தை நாங்கள் சொந்தச் செலவில் உட்கார்ந்து உட்கார்ந்து மறுபடி வரைந்துகொண்டிருக்கிறோம்.

கண்ணாடி சமாச்சாரம் இன்னும் மோசம். ஏசி பெட்டியில் இரட்டைக் கண்ணாடி. வெயில் தணிக்கச் சாயம், கல்லெறிக்குத் தாங்க உள்ளே ஒட்டுப் படலம். கல்லெறிவது யார் குற்றம் என்று உங்களிடம் சண்டை போட முடியாது. ஆனால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைப்பு தளர்ந்து ஈரம் புகுந்துவிட்டால் அந்த ஜன்னல் அதோடு போச்சு. வெளியே எத்தனை முறை கழுவினாலும் உள்ளே படிந்த மூட்டம் போகாது. அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. உப்புத் தண்ணீரில் கழுவிக் கழுவிப் படிந்த வெள்ளைக் கறை தனி. பராமரிப்புப் பட்டியலில் பிரேக் உண்டு, கழிவறை உண்டு, ஏசி உண்டு. ‘ஜன்னல் வழியே பார்த்தால் தெரிகிறதா’ என்று ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும்.

இது ரசிகர்களின் செல்லக் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தது. 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலம், கடலுக்கு நடுவே லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிற அமைப்பு, உலகமே வந்து பார்க்கிற பொறியியல். மண்டபம் தாண்டியதும் பெட்டி முழுக்க எழுந்து நிற்கிறது. திருநெல்வேலிப் பாட்டி, பாட்னாவிலிருந்து வந்த குடும்பம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்கிறார்கள். ஸ்லீப்பரில் கம்பிக்கு வெளியே காற்றும் கடலும் நேராக முகத்தில் அடிக்கிறது. ஏசியில் இருப்பவர்கள் கூடுதல் காசு கொடுத்துப் பழுப்பு நிறக் கடலைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு என்ன செய்கிறார்கள் தெரியுமா? கதவுக்குப் போகிறார்கள். கடலுக்கு மேலே, காற்று பிய்க்கிற இடத்தில், ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். ஜன்னல் தெரியாத பெட்டியில் கூட்டம் கதவுக்குத்தான் போகும். கதவில் நிற்பது குற்றம் என்று அறிவிக்கிறவர்கள், மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வந்தே பாரத்தில் தானியங்கிக் கதவு வைத்து அந்தப் பிரச்சினையை மூடிவிட்டீர்கள். மற்ற பெட்டிகளில் அது அப்படியேதான் இருக்கிறது.

விஸ்டாடோம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2017-ல் விசாகப்பட்டினம்–அரக்கு பாதையில் வந்த முதல் பெட்டியும் உங்கள் கைவேலைதான். கண்ணாடிக் கூரை, சுழலும் நாற்காலி. அதில் போனவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் கேமராக்காரனுக்கு அங்கேயும் ஒரு வில்லன் உண்டு: உள்விளக்கு. குகைக்குள் நுழைந்ததும் கண்ணாடியில் தெரிவது பின்வரிசைக்காரரின் மூக்குக்கண்ணாடி. வெளியே அருவி போய்க்கொண்டே இருக்கும், படத்தில் விழுவது அவருடைய சமோசா.

இங்கே உங்கள் பூர்வீகத்தை ஞாபகப்படுத்த ஆசை. உங்கள் முதல் பெட்டிக்கு வரைபடம் கொடுத்த சுவிஸ் நாட்டில், குர் நகரிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் போகும் அல்புலா மலைப்பாதையில் ரேட்டியன் ரயில்வே ஓட்டுகிற ‘ஆல்வ்ரா’ ரயில்களைப் பாருங்கள். பெட்டிகள் எல்லாம் புதியவை, ஜன்னல்கள் மூடியவை. ஆனால் படம் எடுக்கிறவர்களுக்கென்றே ஜன்னல் திறக்கிற ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். விரும்புகிறவர் எழுந்து போய், கண்ணாடியை இறக்கி, நாலு படம் எடுத்துவிட்டுத் தன் இருக்கைக்குத் திரும்பலாம். அந்தப் பாதை 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நம் நீலகிரி மலை ரயில் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2005-ல் சேர்ந்துவிட்டது. அவர்களைவிட நமக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை, அரக்கு, கோவா எல்லையில் துத்சாகர் அருவி வழியாகப் போகும் மலையேற்றம், இப்போது பாம்பன். இந்த நாலு பாதைகளில் ஓடும் வண்டிகளில் ஏதாவது ஒரு பெட்டியின் ஒரு மூலையில் இப்படி ஒரு ஜன்னல் வையுங்கள். தலை வெளியே போகாத அளவுக்கு மட்டும் இறங்கட்டும், குறுக்கே ஒரு கம்பியும் இருக்கட்டும், உள்விளக்கை அணைக்க ஒரு ஸ்விட்ச் இருந்தால் இன்னும் புண்ணியம். இலங்கை மலையகத்தில் கண்டியிலிருந்து பதுளை போகும் ரயிலுக்கு உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் வருவதற்குப் பாதி காரணம் தேயிலைத் தோட்டம் என்றால், மீதி காரணம் திறக்கிற ஜன்னல். அங்கே கதவில் தொங்கிப் படம் எடுத்து உயிரை விட்டவர்களும் உண்டு என்பதால்தான் கம்பியோடு கேட்கிறேன்.

வெளியே நிற்பவனுக்கு வருகிறேன். பெட்டியின் பக்கவாட்டில் கொக்கியில் மாட்டிய இரும்புப் பலகையை நினைவிருக்கும். மஞ்சளோ வெள்ளையோ அடித்து, கையால் எழுதிய ஊர்ப் பெயர்கள், மூன்று மொழியில். ஓடுகிற வண்டியிலும் படிக்கலாம், எந்த வேகத்தில் படம் எடுத்தாலும் தெளிவாக விழும். இப்போது வந்தே பாரத்தில் மின்னும் எல்.இ.டி. பலகை. நின்று பார்க்கிற கண்ணுக்கு ஜோர். கேமராவுக்கு? அந்த விளக்குகள் தொடர்ந்து எரிவதில்லை. வரிசை வரிசையாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. ஓடுகிற ரயிலை உறைய வைக்க ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் படம் எடுத்தால், பாதி வரிசைதான் விழும். ‘சென்னை’ என்பது ‘செ’னாவின் ஒரு காலோடு நிற்கும். பத்திரிகையில் வருகிற படங்களிலேயே இந்த அரைகுறைப் பலகையைப் பார்க்கலாம். அணைந்து எரியும் வேகத்தைக் கூட்டினால் இது சரியாகிவிடும், அடுத்த டெண்டரில் அதற்கு ஒரு வரி எழுதினால் போதும். மற்ற வண்டிகளில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் பலகை ஆறு மாத வெயிலில் வெளுத்து, எந்த ஊர் வண்டி என்று ஏறுகிறவரே தேட வேண்டியிருக்கிறது. அதற்குப் பழைய பெயின்டர் அண்ணன் எவ்வளவோ மேல்.

வண்ணம் பற்றி எழுதத் தொடங்கினால் எங்களுக்குள்ளேயே அடிதடி வரும். மூன்று ரசிகர்களை ஒரு கூபேயில் போட்டால் நாலு கருத்து வெளியே வரும். செங்காவிப் பெட்டி வாக்குவம் பிரேக் காலம். காற்றுப் பிரேக் வந்தபோது வித்தியாசம் தெரிய அடித்த நீலம் 1990-களில் நாடு முழுவதும் பரவியது. 2018-ல் பழைய பெட்டிகளுக்குப் பழுப்பும் சந்தன நிறமும் அடித்தார்கள். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, ஆனால் அதை விரும்புகிற நண்பர்களும் இருக்கிறார்கள். எல்.எச்.பி.க்குச் சிவப்பும் சாம்பலும். தமிழ்நாட்டு வெளிச்சத்தில், வேப்பமரமும் வயலும் பின்னணியில் இருந்தால், அதைப்போல எடுப்பாக விழுகிற நிறம் வேறில்லை. வெள்ளை வந்தே பாரத்தை மத்தியான வெயிலில் எடுத்தால் வெளுத்துத் திட்டாகிவிடும், மழைக்காலத்தில் கீழ்ப்பாதி சேறு. 2023 செப்டம்பரில் காசர்கோடு–திருவனந்தபுரம் வண்டியோடு ஆரஞ்சு வந்தது. அரசியல் நிறம் என்று சண்டை நடந்தது, தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற நிறம் என்று விளக்கமும் வந்தது. தண்டவாளத்தைக் கடக்கிறவர் கண்ணில் சீக்கிரம் படுகிறது என்றால் எனக்குச் சம்மதம். படத்திலும் நன்றாகவே விழுகிறது.

நிறத்தைவிட என்னை உறுத்துவது வினைல். ஹம்சஃபர் மாதிரி வண்டிகளில் பெயின்ட்டுக்குப் பதில் ஒட்டிய படம் சில ஆண்டிலேயே வெடித்து, உரிந்து, தொங்கி, ஓடும்போது படபடக்கிறது. விளம்பரத்துக்காக ஜன்னலையும் சேர்த்து ஒட்டி மூடுகிற வழக்கம் அதைவிடக் கொடுமை. சல்லடைத் துளை வழியே வெளியே தெரியும் என்கிறார்கள். தெரிகிறது, கொசுவலைக்குள் உட்கார்ந்து ஊரைப் பார்ப்பதுபோல. வருமானம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஜன்னலுக்குக் கீழே எவ்வளவு இடம் கிடக்கிறது!

இனி கேமரா. ஒரு ஜங்ஷனில் நடந்தது. மஞ்சள் கோட்டுக்கு நாலடி உள்ளே நின்று, வருகிற வண்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். சீருடையில் ஒருவர் வந்து கேமராவை மூடச் சொன்னார். ஏன் சார் என்றேன். அனுமதி இல்லை என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அறையில் உட்கார வைத்து, அட்டையில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக அழிக்க வைத்தார்கள். அந்த நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே பிளாட்பாரத்தில் ஒரு கல்லூரிக் கூட்டம் போனில் ஆடிப் பாடி ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் போனுக்கு ஒரு நியாயம், கேமராவுக்கு ஒரு நியாயமா? இன்றைய போன் எடுக்கிற படம் என் கேமராவைவிடத் துல்லியம்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரும் தெளிவாகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். 1923-ம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டத்தின் நிழலில், பாலமும் ஸ்டேஷனும் எதிரி கண்ணில் படக் கூடாது என்ற காலத்துப் பழக்கம் இன்னும் பலகைகளிலும் மனசுகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு தண்டவாளமும் தெரிகிற நாளில், பிளாட்பாரத்தில் வருகிற பல்லவன் எக்ஸ்பிரஸை நான் எடுக்கிற படத்தால் எந்த ரகசியம் வெளியேறும்? இதில் வேடிக்கை, ரயில்வேயின் சமூக ஊடகப் பக்கங்கள் பெருமையோடு போடுகிற அழகான படங்களில் பல எங்கள் ஆட்கள் எடுத்தவை. படம் வேண்டும், எடுத்தவன் மட்டும் ஆகாது.

எங்கள் பக்கத்து அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்துக்கு நடுவே நின்று நேருக்கு நேர் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ராத்திரியில் லோகோ பைலட் கண்ணில் பிளாஷ் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தி வைத்த வேகன் மேல் ஏறி செல்ஃபி எடுத்து, மேலே போகிற 25,000 வோல்ட் கம்பியில் கருகிய பையன்கள் இருக்கிறார்கள். அந்தக் கம்பியைத் தொட வேண்டியதில்லை, பக்கத்தில் போனாலே மின்சாரம் பாய்ந்துவிடும் என்பது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு அத்துமீறி நுழைவோருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. தண்டவாளத்தில் இறங்கியவன் மேல் அதைப் போடுங்கள், எங்களில் ஒருவனும் அவனுக்காகப் பேச வரமாட்டான். ஜப்பானில் நல்ல கோணத்துக்காக மரத்தை வெட்டி, குறுக்கே வந்தவர்களைக் கத்தி விரட்டிய ரசிகர்களால் அந்தக் கூட்டத்துக்கே கெட்ட பெயர். அங்கே ரயில் நிறுவனங்கள் அதற்குக் கண்டுபிடித்த ஒரு வழி, பணிமனைக்குள்ளேயே கட்டணம் வாங்கிக்கொண்டு படம் எடுக்கும் நாள் நடத்துவது. பாதுகாப்பான இடம், நல்ல வெளிச்சம், கழுவி நிறுத்திய வண்டி. நிறுவனத்துக்குக் காசு, ரசிகனுக்குப் படம்.

பிரிட்டனில் தண்டவாளங்களைப் பராமரிக்கும் ‘நெட்வொர்க் ரயில்’ நிறுவனம், ரசிகர்களுக்கென்றே விதிகளை எழுதி வெளியிட்டிருக்கிறது. சொந்தத்துக்கு எடுக்கலாம், வியாபாரத்துக்கு என்றால் அனுமதி வாங்கு, பிளாஷ் போடாதே, மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நில், கூட்டத்தை மறிக்காதே. அவ்வளவுதான். நமக்கும் அப்படி ஒரு பக்கம் போதும். தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, நடைமேடைச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். சினிமாக்காரர்களுக்குக் கட்டணம் கட்டி ஸ்டேஷனையே வாடகைக்கு எடுக்க வழி இருக்கிறது. 10 ரூபாய்க்காரனுக்கு எது கூடும், எது கூடாது என்று எழுதி வைத்ததை நான் எந்த ஸ்டேஷனிலும் பார்த்ததில்லை. கேமராவைப் பிடுங்க வருகிறவரும் நானும் ஒரே தாளைப் படித்தால் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

பொது மேலாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளின் ஆயுள் 25 ஆண்டுகள் என்று கணக்கு. கடைசியாக வந்தவை 2018 என்பதால், அதிகம் போனால் 2043-க்குப் பிறகு பயணிகள் வண்டிகளில் அவற்றைப் பார்க்க முடியாது. இப்போதே பல பெட்டிகளின் ஜன்னலைத் தகட்டால் அடைத்து, முனையில் கதவு வைத்து, கார் ஏற்றும் சரக்குப் பெட்டியாக ரயில்வே பணிமனைகளில் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சில ஊர்களில் ஸ்டேஷன் வாசலில் ஹோட்டலாக நிற்கின்றன. அதில் தப்பில்லை. ஆனால் ஒரு முழு ரேக்கையாவது அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குச் செங்காவி, பாதிக்கு நீலம். மரப்பலகை இருக்கை கிடைத்தால் ஒரு பெட்டியில் அதையும் போடுங்கள். ஷட்டர் கொக்கி விரலைக் கடிக்கட்டும், பரவாயில்லை. பெரம்பூர் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தில் ஒன்றிரண்டு பெட்டிகள் நிற்பது எனக்குத் தெரியும். நிற்கிற பெட்டி வேறு, ஓடுகிற பெட்டி வேறு. ஆண்டுக்கு ஒரு முறை, அக்டோபர் 2 அன்று, அந்த ரேக்கை ராயபுரம் வரைக்காவது ஓட்டினால் போதும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பிய ஸ்டேஷன் அது, கட்டடம் இன்னும் நிற்கிறது. டிக்கெட் விலை என்ன வைத்தாலும் முதல் நாளே தீர்ந்துவிடும் என்பதற்கு நான் ஜவாப்தாரி.

எந்த எந்த இருக்கைக்குத் தூண் என்ற பட்டியல் உங்களுக்கு வேண்டுமானால் எங்களிடம் கேளுங்கள். வந்தே பாரத் எட்டுப் பெட்டி ரேக்குக்கும் பதினாறு பெட்டி ரேக்குக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பிளாட்பாரத்தின் கடைக்கோடியில் நிற்பவர்களில் ஒருவன்

நகல்: ரயில்வே வாரியம், புது டெல்லி. தெற்கு ரயில்வே தலைமை அலுவலகம், சென்னை.